ஊசி போடலாம், கோலம் போடலாம்: ஆங்கிலத்தில் என்ன செய்வது?

என் அண்ணன் மகள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் காய்ச்சலில் படுத்தவள், மேலாளரிடம் விடுப்பு கேட்டு ஒரு மெயில் எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டாள். "சித்தப்பா, இது சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க." மொத்தமே நான்கு வாக்கியம்.

"ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ். எஸ்டர்டே ஒன்லி ஐ புட் இன்ஜெக்‌ஷன். டாக்டர் செட் மீ டு டேக் ரெஸ்ட். ஆன் மண்டே ஐ வில் டிஸ்கஸ் அபௌட் பெண்டிங் வொர்க்."

இதில் அவளுக்குப் பொருள் தெரியாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. எழுத்துப் பிழையும் இல்லை. படிக்கிறவருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆனாலும் நான்கு வாக்கியமுமே ஆங்கிலத்தில் சரியாக உட்காரவில்லை. பன்னிரண்டு வருடம் பள்ளியிலும் நான்கு வருடம் கல்லூரியிலும் ஆங்கிலம் படித்த பிள்ளை இப்படி எழுதுகிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த அலுப்பில் உடன்பாடு இல்லை. அந்த மெயிலை மெதுவாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "ரெண்டு நாளா காய்ச்சல். நேத்துதான் ஊசி போட்டேன். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். பாக்கி வேலையைப் பத்தி திங்கட்கிழமை பேசுறேன்." அருமையான தமிழ். அவள் யோசித்தது சரியாகத்தான் இருக்கிறது. தமிழ்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்தாள், அங்கேதான் வண்டி தடம் மாறியது. ஏன் மாறியது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த ஊசி. நமக்கு எதையும் போடலாம். சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், லைட்டைப் போடுகிறோம், காபி போடுகிறோம், கோலம் போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், கேஸ் போடுகிறோம், ரோடு போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். கோழி முட்டை போடுகிறது. மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடுகிறோம். இத்தனைக்கும் நமக்கு ஒரே வினைச்சொல் போதும். "போடு என்றால் புட்" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்துவிட்டதால், ஆங்கிலத்திலும் இத்தனை வேலையையும் அந்த ஒரு "புட்" செய்துவிடும் என்று கை தானாக அதை எழுதிவிடுகிறது.

ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். சட்டைக்கு "புட் ஆன்". ஆனால் அவர் நீலச் சட்டை போட்டிருக்கிறார் என்றால் "வேரிங்". போட்டுக்கொள்ளும் அந்த ஒரு நிமிடச் செயலுக்கு ஒரு சொல், போட்டபடி இருக்கும் நிலைக்கு இன்னொரு சொல். கையெழுத்துக்கு "சைன்" என்ற வினையே போதும், "புட் சைன்" வேண்டாம். லைட்டுக்கு "ஸ்விட்ச் ஆன்" அல்லது "டர்ன் ஆன்". காபிக்கு "மேக்". கோலத்துக்கு "டிரா". ஓட்டுக்கு "காஸ்ட்", வழக்குக்கு "ஃபைல்". முட்டைக்கும் ரோட்டுக்கும் "லே" என்ற ஒரே சொல் பொருந்துவது தற்செயலாக அமைந்த அழகு. ஊசிக்கு வந்தால், போடுகிற நர்ஸ் "கிவ்" செய்கிறார், போட்டுக்கொள்கிற நோயாளி "கெட்" அல்லது "ஹேவ்" செய்கிறார். தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு: நர்ஸ் ஊசி போட்டார், நான் ஊசி போட்டுக்கொண்டேன். பேசும்போது "கொண்டேன்" உதிர்ந்து "ஊசி போட்டேன்" ஆகிவிடுகிறது. கேட்பவர் யாருக்கு யார் போட்டது என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் "டேக்" எத்தனை வேலை பார்க்கிறது பாருங்கள். மருந்து, போட்டோ, பஸ், பரீட்சை, நாற்காலி எல்லாவற்றையும் அவர்கள் "டேக்" செய்கிறார்கள். நாமோ மருந்தைச் சாப்பிடுகிறோம், போட்டோ எடுக்கிறோம், பஸ்ஸில் போகிறோம், பரீட்சை எழுதுகிறோம், நாற்காலியில் உட்காருகிறோம். தமிழ் கற்கும் ஓர் ஆங்கிலேயர் "நான் பரீட்சை எடுத்தேன்" என்று சொன்னால், அவர் எங்கே தடுக்கினார் என்று நமக்கு உடனே தெரிந்துவிடும்.

எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற இந்த விஷயத்துக்கு நம்மிடம் மிகப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: மரபு. வாழைக்கு இலை, தென்னைக்கு ஓலை, தாழைக்கு மடல், முருங்கைக்குக் கீரை. குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும். பள்ளியில் மரபுச் சொற்கள் என்று பட்டியல் போட்டு இதைப் படித்திருப்போம். "வாழை ஓலையில் சாப்பிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் புரியும், ஆனால் காதில் இடிக்கும். அதற்குக் காரணம் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. "அப்படித்தான் சொல்வார்கள்" என்பதுதான் பதில். நன்னூல் அந்தப் பதிலையே இலக்கணமாக்கி வைத்திருக்கிறது: "எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே."

தொல்காப்பியம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா: "வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்." பல வகையான செயல்களுக்கு உரிய பொருள்களை ஒரே பொதுப் பெயரில் சேர்த்துச் சொல்லும்போது, அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைப் போடக்கூடாது என்பது இதன் கருத்து. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் அடிசில். சாப்பாட்டில் உண்பதும் உண்டு, தின்பதும் உண்டு, பருகுவதும் உண்டு, நக்குவதும் உண்டு. அதனால் "அடிசில் தின்றார்" என்று சொல்லக்கூடாது, நான்குக்கும் பொதுவான "அயின்றார்" என்ற வினையைச் சொல்ல வேண்டும். அணிகலன்களுக்கும் இப்படித்தான். தலையில் கவிப்பது, காதில் இடுவது, இடுப்பில் கட்டுவது என்று தனித்தனி வினைகள் இருக்க, மொத்தமாகச் சொல்லும்போது "அணிந்தார்". பெயருக்கு ஏற்ற வினை எது என்று இவ்வளவு கவலைப்பட்ட இலக்கண மரபில் வந்தவர்கள் நாம். ஆங்கிலத்தில் கனத்த மழைக்கு "ஹெவி ரெயின்" என்றும் பலத்த காற்றுக்கு "ஸ்ட்ராங் விண்ட்" என்றும் சொல்வதில் நமக்கு ஆச்சரியம் எதுவும் இருக்கத் தேவையில்லை. அவர்களுடைய மரபு அது. தப்புக்கு "மேக்", வீட்டுப்பாடத்துக்கு "டூ", குற்றத்துக்கு "கமிட்", கவனத்துக்கு "பே". சொல்லைத் தனியாகப் படிக்காமல் ஜோடியாகப் படித்தால் தான் இது கைக்கு வரும்.

அடுத்து அந்த "ஒன்லி". தமிழர் பேசும் ஆங்கிலத்தின் அடையாளம் என்றே இதைச் சொல்லலாம். "எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்", "ஹியர் ஒன்லி ஐ ஆம் ஸ்டேயிங்", "தட் ஒன்லி ஐ ஆம் சேயிங்". எல்லாவற்றுக்கும் பின்னால் நம்முடைய "தான்" நிற்கிறது. இது தமிழின் மிக வசதியான சின்னஞ்சிறு சொல். எதை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதன் வாலில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. நான்தான் நேற்று வந்தேன், நான் நேற்றுதான் வந்தேன், நான் நேற்று வரத்தான் செய்தேன். சொல் மாறவில்லை, ஒட்டும் இடம் மட்டும் மாறுகிறது, பொருள் மூன்றாகப் பிரிகிறது.

ஆங்கிலத்தில் "தான்" என்பதற்கு ஒரே சொல் கிடையாது. இடத்துக்கு இடம் வேறு வழி தேட வேண்டும். "நேற்றுதான் வந்தேன்" என்றால் "ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே" அல்லது "ஜஸ்ட் எஸ்டர்டே". இங்கே "ஒன்லி" வரலாம், ஆனால் "எஸ்டர்டே" என்பதற்கு முன்னால் வர வேண்டும். "அவன்தான் செய்தான்" என்றால் வாக்கியத்தையே திருப்பிப் போட்டு "இட் வாஸ் ஹிம் ஹூ டிட் இட்" என்பார்கள், அல்லது பேசும்போது "ஹி" என்ற சொல்லில் குரலை அழுத்துவார்கள். "இங்கேதான் இருக்கிறேன்" என்பது "ஐ ஆம் ரைட் ஹியர்". "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்பது "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்". "அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்பதற்கு "தட்ஸ் எக்ஸாக்ட்லி வாட் ஐ ஆம் சேயிங்". ஆக, ஒரே தமிழ் ஒட்டுக்கு "ஒன்லி", "ஜஸ்ட்", "ரைட்", "எக்ஸாக்ட்லி", குரல் அழுத்தம், வாக்கிய மாற்றம் என்று ஆறு வழிகள். "தான் என்றால் ஒன்லி" என்று ஒற்றை வரியில் கற்றுக்கொண்டவர் இந்த ஆறில் ஐந்தை இழந்துவிடுகிறார். அதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. "ஐ ஆம் யுவர் ஃப்ரெண்ட் ஒன்லி" என்று சொன்னால், "நான் உன் நண்பன்தானே, உரிமையோடு கேள்" என்று நாம் நினைத்துச் சொன்னது, ஓர் ஆங்கிலேயர் காதில் "வெறும் நண்பன் மட்டும்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை" என்று விழும்.

இனி "சின்ஸ் டூ டேஸ்". இந்தத் தவறைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கம் அதிகம், ஏனென்றால் இதை நாம் செய்யவே தேவையில்லை. "சின்ஸ்" என்பது தொடங்கிய புள்ளியைச் சொல்கிறது, "ஃபார்" என்பது நீளத்தைச் சொல்கிறது. இந்தியில் இரண்டுக்கும் "ஸே" என்ற ஒரே உருபு வந்துவிடுவதால், இந்திக்காரர் குழம்புவதில் நியாயம் உண்டு. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. "இரண்டு நாளாகக் காய்ச்சல்" என்கிறோம், "திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்" என்கிறோம். "இரண்டு நாளிலிருந்து காய்ச்சல்" என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. நம்முடைய "ஆக" வரும் இடத்தில் "ஃபார்", "இலிருந்து" வரும் இடத்தில் "சின்ஸ்". அவ்வளவுதான். பத்து வருடமாக, மூன்று மணி நேரமாக, ரொம்ப நாளாக என்பதெல்லாம் "ஃபார்". 2015-லிருந்து, காலையிலிருந்து, சின்ன வயதிலிருந்து என்பதெல்லாம் "சின்ஸ்". தமிழ்நாட்டு வகுப்பறையில் இதைத் தமிழ் உருபை வைத்தே ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தமிழே வாயில் வரக்கூடாது என்று கட்டுப்பாடு வைக்கும் ஆங்கில வகுப்புகள் இந்தக் கருவியைக் கையிலிருந்து பிடுங்கிவிடுகின்றன என்பது என் வருத்தம்.

அதே வாக்கியத்தில் "ஐ ஆம் ஹேவிங்" என்பதற்குக் காரணம் வேறு. நம்முடைய "கிறேன்" இரண்டு வேலை செய்கிறது. "நான் இட்லி சாப்பிடுகிறேன்" என்றால் இப்போது தட்டில் இருக்கிறது என்றும் ஆகும், வழக்கமாகச் சாப்பிடுவேன் என்றும் ஆகும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிட்டது. பிரித்ததோடு நிற்காமல், தெரிவது, பிடிப்பது, இருப்பது, வைத்திருப்பது போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகளுக்கு "இங்" வடிவத்தைப் பெரும்பாலும் மறுத்தும்விட்டது. அதனால் "ஐ ஆம் நோயிங் ஹிம்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பவை இடிக்கின்றன. "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" மட்டும் இடிக்காது, ஏனென்றால் அங்கே "ஹேவ்" என்பதற்குச் சாப்பிடுவது என்று பொருள், அது ஒரு செயல். காய்ச்சல் இரண்டு நாள் முன்பு தொடங்கி இப்போதும் இருப்பதால் "ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்" என்று வரும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபைவ் டெய்லி" என்று பலர் எழுதுவார்கள். வழக்கமாக நடப்பதற்கு ஏன் எதிர்காலம்? தமிழில் "அப்பா தினமும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார்" என்று சொல்கிறோமே, அந்த "வார்" செய்யும் வேலை இது. நம் எதிர்கால வடிவம் வழக்கத்தையும் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சாதாரண நிகழ்காலம் பார்த்துக்கொள்கிறது: "கெட்ஸ் அப்".

மூன்றாவது வாக்கியம், "டாக்டர் செட் மீ". தமிழில் சொல்வது ஒன்றே ஒன்றுதான். கதை சொல்லலாம், பொய் சொல்லலாம், அவரிடம் சொல்லலாம், வரச் சொல்லலாம். ஆங்கிலத்தில் "டெல்" என்ற சொல்லுக்குக் கேட்கும் ஆள் பெரும்பாலும் பக்கத்திலேயே வேண்டும்: "டோல்ட் மீ". "சே" என்ற சொல்லுக்குச் சொன்ன செய்தி முக்கியம், ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் "டு" வைக்க வேண்டும்: "செட் டு மீ". ஒருவரை ஒன்று செய்யச் சொல்வதற்கு "டெல்" தான் பொருத்தம்.

இந்த "டு" வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி பல வினைகளில் நம்மைப் படுத்துகிறது. "எக்ஸ்பிளெயின் மீ தி ப்ராப்ளம்", "சஜெஸ்ட் மீ எ குட் புக்" என்று எவ்வளவு பேர் எழுதுகிறார்கள்! "கிவ் மீ எ புக்", "ஷோ மீ தி வே", "டெல் மீ எ ஸ்டோரி" எல்லாம் சரியாக இருக்கும்போது "எக்ஸ்பிளெயின் மீ" மட்டும் ஏன் தவறு என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பாதி பதில் வரலாற்றில் இருக்கிறது. 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன்பின் பல தலைமுறைகளுக்கு அரசவையிலும் உயர்குடியிலும் பிரெஞ்சு மொழிதான். பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தன. "கிவ்", "டெல்", "ஷோ", "சென்ட்" ஆகியவை அதற்கு முன்பே இருந்த வீட்டுச் சொற்கள். அவை ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து ஏற்றுக்கொள்ளும். "எக்ஸ்பிளெயின்", "டிஸ்கிரைப்", "சஜெஸ்ட்", "டொனேட்" ஆகியவை லத்தீன் வழி வந்தவை. அவை பெரும்பாலும் ஆளை நேராக ஏற்பதில்லை, "டு" என்ற வாசல் வழியாகத்தான் விடும்: "எக்ஸ்பிளெயின் இட் டு மீ". இது முழுமையான விதி அல்ல. "சே" பழைய வீட்டுச் சொல்தான், ஆனாலும் ஆளை நேராக ஏற்காது. "ப்ராமிஸ்" லத்தீன் வழி வந்தது, ஆனாலும் "ப்ராமிஸ் மீ" சரி. இருந்தாலும், ஒரு வினை சின்னதாகவும் வீட்டு வாசனையோடும் இருந்தால் "மீ" ஒட்டும், நீளமாகவும் புத்தக வாசனையோடும் இருந்தால் "டு மீ" தேவைப்படலாம் என்ற ஊகம் பெரும்பாலும் கைகொடுக்கும்.

நான்காவது வாக்கியத்தின் "டிஸ்கஸ் அபௌட்" சுலபம். "பற்றி" என்ற சொல்லை நாம் மொழிபெயர்த்துவிடுகிறோம். "டிஸ்கஷன்" என்ற பெயர்ச்சொல்லுக்கு "அபௌட்" தேவை, "டிஸ்கஸ்" என்ற வினைக்குத் தேவையில்லை. இதே அமைப்பு வேறு சொற்களிலும் உண்டு. "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரி, ஆனால் வினையாக வரும்போது "ரிக்வெஸ்ட் லீவ்" போதும். "எம்ஃபஸிஸ் ஆன்" சரி, வினையில் "எம்ஃபஸைஸ் தி பாயிண்ட்". பெயருக்கு உரிய ஒட்டை வினைக்கும் ஒட்டிவிடுகிறோம் என்று ஒருமுறை பிடிபட்டால் பத்துத் தவறுகள் ஒரே நாளில் குறையும்.

மெயிலில் இன்னொரு குறை இருந்தது. "டாக்டர் செட்" என்று தொடங்கிவிட்டாள், "தி" இல்லை. "எ", "தி" எங்கே வரும் என்பது தமிழருக்கு ஆயுள் முழுக்கத் தொல்லை தரும் விஷயம். தமிழில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். முழுக்க உண்மை அல்ல. "நேற்றுப் புத்தகம் படித்தேன்" என்றும் "நேற்றுப் புத்தகத்தைப் படித்தேன்" என்றும் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நமக்குள் ஏற்கெனவே பேச்சு அடிபட்ட, உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். "கார் வாங்கினான்", "காரை வாங்கினான்" என்பதிலும் இதே வேறுபாடு. இரண்டாம் வேற்றுமையின் "ஐ" உருபு, அஃறிணைப் பொருள் செயப்படுபொருளாக வரும்போது, "தி" செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. எழுவாய்க்கு இந்த உதவி கிடைக்காது, மனிதர்களைச் சொல்லும்போதும் "ஐ" எப்படியும் வந்துவிடும், ஆகவே எல்லா இடத்துக்கும் இது சூத்திரம் ஆகாது. ஆனால் "தெரிந்த பொருள், தெரியாத பொருள்" என்ற உணர்வு நமக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். மேலாளருக்கு அந்த டாக்டரைத் தெரியாதே, அப்புறம் ஏன் "தி"? ஊசி என்று சொன்னதுமே அதைப் போடச் சொன்ன ஒரு டாக்டர் காட்சிக்குள் வந்துவிட்டார். அவர்தான் "தி டாக்டர்".

இவ்வளவையும் அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதா? எந்த அகராதி என்பதைப் பொறுத்தது. நம் வீடுகளில் இருக்கும் சின்ன ஆங்கிலம்-தமிழ் அகராதி, படிக்கும்போது வழியில் வரும் சொல்லுக்குப் பொருள் சொல்லும். எழுத உட்காரும்போது அது போதாது. "அட்வைஸ்" என்றால் அறிவுரை என்று சொல்லும். அறிவுரைகள் என்று நாம் எண்ணுவதுபோல் "அட்வைசஸ்" என்று எண்ணக்கூடாது என்று சொல்லாது. "இன்ஃபர்மேஷன்", "ஃபர்னிச்சர்", "லக்கேஜ்" எல்லாம் இந்த வகைதான். அவற்றுக்குப் பன்மை கிடையாது, "எ பீஸ் ஆஃப்" என்று துண்டாக்கித்தான் எண்ண வேண்டும்.

எழுதுகிறவருக்கான அகராதி பிறந்த இடம் இங்கிலாந்துக்கு வெளியே, ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்ற வகுப்பறைகளில். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகம் படிக்கத் திணறுவதைப் பார்த்து, ஏறக்குறைய 1,500 எளிய சொற்களை மட்டுமே வைத்து மற்ற எல்லாச் சொற்களுக்கும் விளக்கம் தரும் ஓர் அகராதியை 1935-இல் கொண்டுவந்தார். அதே காலத்தில் ஜப்பானில் ஹெரால்ட் பாமரும் ஏ. எஸ். ஹார்ன்பியும் வேறொரு பக்கத்திலிருந்து யோசித்தார்கள். ஜப்பானிய மாணவர்களுக்குப் பொருள் தெரிகிறது, வாக்கியத்தில் வைக்கத் தெரியவில்லை. எந்த வினைக்குப் பின் என்ன வடிவம் வரும், எந்தப் பெயரை எண்ணலாம், எதோடு எது சேரும் என்றெல்லாம் குறித்து, ஹார்ன்பியும் இரு சக ஆசிரியர்களும் உருவாக்கிய அகராதி 1942-இல், உலகப் போரின் நடுவே, டோக்கியோவில் அச்சாயிற்று. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்று உலகம் முழுக்க மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழி வந்ததுதான். என் அண்ணன் மகள் தடுக்கிய அதே இடத்தில் தடுக்கிய மாணவர்களுக்காக உண்டான நூல் என்று நினைக்கும்போது அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தை வைத்துத்தான் அறிய வேண்டும் என்று 1957-இல் எழுதிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த், 1920-களில் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர். அந்தச் சிந்தனையை வளர்த்து, பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தலைமையில், மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் கணினியில் திரட்டி 1987-இல் கோபில்ட் அகராதி வந்தது. அதில் விளக்கமே முழு வாக்கியமாக இருக்கும், சொல் எப்படி உட்காரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும். இந்த வகை அகராதிகள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பொருளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பெயர்ச்சொல் பக்கத்தில் இருக்கும் "சி", "யு" குறிகளைப் பாருங்கள் (முதலாவது எண்ணக்கூடியது, இரண்டாவது எண்ண முடியாதது), பிறகு கீழே உள்ள உதாரண வாக்கியங்களை வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள்.

சரி, நம்மூர் ஆங்கிலம் எல்லாமே தவறா என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்பது என் உறுதியான கருத்து. "கஸின் பிரதர்" என்று நாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சித்தப்பா மகன் நமக்குத் தம்பி, மாமா மகன் மச்சான். ஆங்கிலம் இரண்டு பேரையும் "கஸின்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. நமக்கு அது போதவில்லை. சகலையைக் குறிக்க "கோ-பிரதர்" என்று ஒரு சொல்லை உண்டாக்கியதும் அப்படித்தான். தள்ளிப்போடுவதற்கு "போஸ்ட்போன்" இருக்கும்போது முன்னால் கொண்டுவருவதற்கு "ப்ரீபோன்" இருக்கலாமே என்று இந்தியாவில் பரவிய சொல்லை இப்போது பெரிய அகராதிகளும் சேர்த்துக்கொண்டுவிட்டன. நமக்குள் பேசும்போது இவற்றில் ஒரு குறையும் இல்லை.

கவனம் தேவைப்படுவது, அதே சொல் வெளியூர்க்காரருக்கு வேறு பொருள் தரும் இடத்தில். "ஐ ஹேவ் எ டவுட்" என்று நாம் சொல்வது ஒரு கேள்வி இருக்கிறது என்ற பொருளில். நம் "சந்தேகம்" கேள்வியையும் குறிக்கும், நம்பிக்கையின்மையையும் குறிக்கும். லண்டனில் இருப்பவர் காதில் இரண்டாவது பொருள்தான் விழும், அவர் சொன்னதை நாம் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்றால் வம்பில்லை. "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்றால் நமக்குப் பட்டம் வாங்கியது, அவருக்கு மயங்கி விழுந்தது. இதுவும் வேரில்லாமல் வந்ததல்ல. ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்பை "பாசிங் அவுட் பரேட்" என்று பிரிட்டனிலும் சொல்வார்கள், நம் பரங்கிமலைப் பயிற்சி மையத்திலும் சொல்வார்கள். கல்லூரிக்கு அதை நீட்டியது நாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் "கிராஜுவேட்டட்" என்று எழுதிவிடுவது நல்லது.

மெயிலைக் கடைசியில் இப்படி மாற்றினோம்: "ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ். ஐ காட் ஆன் இன்ஜெக்‌ஷன் ஒன்லி எஸ்டர்டே, அண்ட் தி டாக்டர் டோல்ட் மீ டு கெட் சம் ரெஸ்ட். ஐ வில் டிஸ்கஸ் தி பெண்டிங் வொர்க் வித் யூ ஆன் மண்டே." ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் என்று கேட்டாள், போனில் முக்கால் மணி நேரம் போயிற்று. காய்ச்சல்காரியை இவ்வளவு நேரம் பேச வைத்ததற்கு அண்ணியிடம் திட்டு வாங்கினேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு செய்தி. அலுவலகத்தில் புது பாஸ்வேர்டு கேட்டிருந்தாளாம், வரவில்லை. "இன்னும் வரலன்னு எழுதணும் சித்தப்பா. இன்னும்னா ஸ்டில்லா, யெட்டா?" நல்ல கேள்வி. "இன்னும் தூங்குகிறான்" என்பதற்கு "ஸ்டில்", "இன்னும் கொஞ்சம் சாதம்" என்பதற்கு "மோர்", "இன்னும் வரவில்லை" என்பதற்கு "யெட்". கடைசியில் மட்டும் "ஸ்டில்" என்பதற்கும் இடம் உண்டு: "ஐ ஸ்டில் ஹேவ் நாட் ரிசீவ்ட் இட்". ஆனால் அதில் ஒரு சலிப்பு கேட்கும், நாம் "இன்னமும் வரவே இல்லை" என்று இழுத்துச் சொல்வதுபோல. யாருக்கு அனுப்புகிறாய், முதல் தடவை கேட்கிறாயா, மூன்றாவது தடவையா என்று கேட்டேன். முதல் தடவைதான் என்றாள். "யெட்" போட்டு அனுப்பினாள்.